இறக்கு வாசல்

ப்ரின் ஐத்தின் என்கிற மலைப் பண்ணையின் வீட்டை அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்த மகராசன்களுக்கு, அந்த வீட்டில் யாராவது ஒருநாள் செத்துப்போவார்கள் என்கிற யோசனையே வரவில்லை. பெரிய அடுப்பு யாருக்கு, தெற்கு ஜன்னல் யாருக்கு, வெண்ணெய் எடுக்கிற குளிர்ந்த அறை யாருக்கு என்று சபை மூப்பர்கள் உட்கார்ந்து டீ டீயாகக் குடித்துத் தீர்த்து வைத்தார்கள். என் புருஷனும் அதில் ஒரு ஆள். வீட்டுக்கு வந்து, "நல்லபடியா முடிஞ்சுது, மாரெட்" என்றார். முடிந்த லட்சணத்தைப் பக்கத்துப் பண்ணையில் இருந்துகொண்டு நான்தான் பார்த்தேன். அவர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மலைச்சரிவோடு இறங்குகிற நீள வீடு அது. ஆதியில் மேல்கோடியில் ஆட்கள், கீழ்கோடியில் மாடுகள், நடுவில் முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு ஒரு நடை. அவ்வளவுதான் வீடு. இவர்களுடைய தாத்தா மாடுகளைக் கொட்டகைக்கு விரட்டிவிட்டு, சாணியை வழித்தெடுத்து, கீழ்கோடியை முன்னறை ஆக்கினார். கூரையை உயர்த்தி மாடி போட்டார். மாடிக்குப் படி வைக்க இடமில்லை. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரைக் குடைந்து சுருள்படி கட்டினார். தோளைச் சாய்த்துக்கொண்டுதான் ஏறவேண்டும். மாடியில் செத்தவனைப் பெட்டியில் வைத்து அந்தப் படியில் இறக்க முடியாது என்பது எல்லாம் கட்டி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. பிறகு மாடித் தளத்தில் ஆள் நீளத்துக்குப் பலகையை அறுத்து, கீல் வைத்து, ஒரு கதவு போட்டார். இறக்கு வாசல் என்று அதற்குப் பெயர். அதில் முதலில் இறங்கியவரும் அவர்தான்.

பங்கு போட்டபோது கீழே நடையை எல்லையாக வைத்தார்கள். அடுப்புள்ள மேல்பக்கம் மூத்தவன் மைரிக்குக்கு. முன்னறை உள்ள கீழ்ப்பக்கம் இளையவன் இத்தெலுக்கு. மாடியில் நடை ஏது? கூரையைத் தாங்குகிற வளைந்த ஓக் மரத்தை எல்லையாக வைத்தார்கள். அந்த மரமோ நடைக்கு நேர் மேலே இல்லை. தள்ளிப்போய் இத்தெலின் முன்னறைக்கு மேலே நிற்கிறது. ஆக, மைரிக்கின் படுக்கையறையில் பாதி, தம்பி தலைக்கு மேல். இறக்கு வாசல் அந்தப் பாதியில் இருக்கிறது. மைரிக் செத்தால் தம்பி வீட்டுக்குள்தான் இறங்கியாகவேண்டும். படித்த மனுஷர்கள் போட்ட பங்கு இது.

கீழ்ப்பக்கத்தில் அடுப்பு கிடையாது, மாடு இருந்த இடம்தானே. இத்தெல் ஒரு இரும்பு அடுப்பு வாங்கி, அதன் குழாயை அண்ணனின் பெரிய புகைபோக்கியில் ஓட்டை போட்டுச் செருகினான். கேட்காமல் செருகினான். மைரிக் ஏணி வைத்துக் கூரையேறி, புல்லோடு ஒரு மண்கட்டியை வெட்டி அந்தக் குழாய் வாயில் அமுக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி சந்தைக்குப் போய்விட்டான். முன்னறை முழுக்கப் புகை. அந்த அறையில் இத்தெலின் மனைவி குலாடிஸின் அம்மா படுத்திருந்தாள், ஏற்கனவே நெஞ்சுக்கட்டு. அந்த மாசமே அவள் போய்விட்டாள். புகையால் போனாளா, நோயால் போனாளா என்று டாக்டருக்கே தெரியாது. குலாடிஸுக்குத் தெரியும். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அற்றுப்போனது. பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும்.

பேச்சு இல்லை என்றேனா? அதில் ஒரு சங்கதி உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் வாரப் பத்திரிகை வரும். சாயங்கால டீ ஆனதும் இத்தெல் முன்னறையில் இறக்கு வாசலுக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படிப்பான். யார் செத்தார்கள், எந்தப் பண்ணை ஆட்டுக்கிடாவுக்குப் பரிசு, மழை எப்போது என்று படித்துக்கொண்டே போய், நடுவில் தன் சரக்கையும் சேர்ப்பான். "இந்த வருஷம் பரிசு வாங்காத கிடாக்களில், நம்ம மலைமேல ஒரு திருட்டுப்பயலோட சொத்தைக் கிடாவும் ஒண்ணு." மேலே மைரிக் கட்டிலில் உட்கார்ந்து கைத்தடியோடு கேட்டுக்கொண்டிருப்பான். ஒரு தட்டு தட்டினால் பொய் என்று அர்த்தம். இரண்டு தட்டு தட்டினால், நிறுத்தாதே, படி. நான் மேலேயும் இருந்து பார்த்திருக்கிறேன், கீழேயும் இருந்து பார்த்திருக்கிறேன். இரண்டு கழுதைகளும் வாரம் பூராவும் அதற்காகவே காத்திருக்கும்.

போன கோடையில் குலாடிஸ் முன்னறையைப் புதுசாக்கினாள். கல் ஜன்னலை இடித்து அகலக் கண்ணாடி, சுவருக்குப் பூப்போட்ட காகிதம், தலைக்கு மேலே பழைய உத்திரமெல்லாம் மறைகிற மாதிரி வெள்ளைவெளேரென்று அட்டைப்பலகைக் கூரை. இறக்கு வாசல் அதற்குள்ளே புதைந்துபோனது. "இனிமே என் வீட்டுப் பேச்சை எவனும் ஒட்டுக் கேக்க முடியாது" என்று என்னிடமே சொன்னாள். இத்தெல் பிறகும் படித்தான். மேலே மைரிக்குக்கு முனகல் மட்டும்தான் கேட்டது, சொல் ஒன்றும் பிடிபடவில்லை. தடியைத் தூக்குவான், எதற்குத் தட்டுவது என்று தெரியாமல் இறக்கிவிடுவான். இலை உதிர்கிற காலத்தில் படுத்தவன்தான், எழுந்திருக்கவில்லை.

அந்தக் குளிர்காலம் பொல்லாதது. பனி சுவர் உயரத்துக்குக் குவிந்துவிட்டது. மைரிக்கின் ஆடுகளைத் தோண்டியெடுக்க எலினெட்டுக்குத் துணையாக நான் போனேன். எலினெட் அவன் மனைவி, ஒல்லி உடம்பு, வாய் மட்டும் நல்ல தடிமன். நாய் எங்கே நின்று மோப்பம் பிடிக்கிறதோ அங்கே நீளக் கம்பைக் குத்திப் பார்க்கவேண்டும். மெத்தென்றிருந்தால் ஆடு. கொஞ்சம் தள்ளி இத்தெலும் தோண்டிக்கொண்டிருந்தான். கொம்பைப் பிடித்து ஒரு ஆட்டை இழுத்து வெளியே போட்டவன், முதுகில் மைரிக்கின் சிவப்புக் குறியைப் பார்த்துவிட்டு, "சீ, உனக்காடா என் இடுப்பு ஒடிஞ்சுது!" என்று அதன் பின்பக்கத்தில் ஒரு தட்டு தட்டி எங்கள் பக்கமாக விரட்டினான். எலினெட் நன்றி சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

சுவர் ஓரத்தில் ஒதுங்கி, மடியில் கட்டி வந்த ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் தின்றோம். அப்போதுதான் எலினெட் வாயைத் திறந்தாள்.

"மாரெட், அவர் இந்தப் பனி கரையறதைப் பாக்கமாட்டார்."

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர் என்ன சொல்றது. மோரைக்கூட விழுங்கலையே. எனக்குச் சாவு பயமில்ல. அவரை எப்படிக் கீழ இறக்குறது? அதுதான் பயம்."

"இருக்கிறப்பவே கீழ கொண்டாந்து அடுப்போரமா கட்டிலைப் போடுன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"கேட்டாத்தானே! 'நான் இதைவிட்டு நகரமாட்டேன்'னு இறக்கு வாசல் மேலயே கட்டிலைப் போட்டுட்டுக் கிடக்காரே. இப்ப நிக்கவே முடியல. அந்த உடம்பை யாரு சுருள்படியில தூக்கறது?"

"செத்தபின்னாடி நாற்காலியில வச்சுக் கட்டி..."

"அந்தப் பேச்சே எடுக்காத!" என்று ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள். "என் அப்பாவை அப்படித்தான் இறக்கினாங்க, நாற்காலியில உக்காத்தி வச்சு, வைக்கோல் கயித்தால கட்டி. ஒவ்வொரு படியிலும் தலை சுவத்துல இடிச்சுது. நான் கீழ நின்னு கேட்டுட்டிருந்தேன். அந்தச் சத்தம் இன்னும் என் காதைவிட்டுப் போகல. என் புருஷன் படுத்த வாக்குல, நீட்டி நிமிந்து, அவங்க அப்பா தாத்தா போன வழியில போகணும். அதுக்கு அந்தக் குலாடிஸ் காலைப் பிடிக்கணும்னாலும் பிடிப்பேன். நீ கூட வரியா, மாரெட்?"

எலினெட் ஒருத்தர் காலைப் பிடிக்கிறேன் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கே போனோம்.

ஒரே வீடு, ஆனால் வெளியே போய் பனியில் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். நடையில் இரண்டு பக்கத்துக்கும் நடுவே இருந்த கதவை ஆணியடித்து மூடி அத்தனை வருஷம் ஆகிறது. குலாடிஸ் நல்ல கோப்பைகளை எடுத்து வைத்தாள். திராட்சை போட்ட ரொட்டியை மெல்லிசாக நறுக்கி வெண்ணெய் தடவினாள். விருந்தாளிக்குச் செய்கிற எல்லாம் செய்தாள், எலினெட்டின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. இத்தெல் அடுப்போரத்தில் காலுறையைக் காயவைத்துக்கொண்டிருந்தான்.

"கேக்க வந்ததைக் கேளுங்க" என்றாள் குலாடிஸ். "மாரெட் அக்காவை சாட்சிக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்க, சின்ன விஷயமா இருக்காது."

எலினெட் அண்ணாந்து வெள்ளைக் கூரையைப் பார்த்தாள். "இதை ஒரு நாளைக்குத் திறந்துவிடணும். அவர் போறப்ப. திரும்ப அடைக்கிற செலவை நான் பாத்துக்கறேன்."

"திறக்கறதுக்கு இது என்ன ஆட்டுப்பட்டியா?"

"வேற வழியில்ல, குலாடிஸ்."

"வழியில்லையா? எங்க அம்மாவுக்கு அன்னிக்கு மூச்சுவிட வழி இருந்துச்சா? இதே எடத்துல, இந்த நாற்காலி கெடக்கே, இங்கதான் கட்டில். புகையில கண்ணைத் திறக்க முடியாம, 'யாருடி எரிக்கறா, யாருடி எரிக்கறா'ன்னு கேட்டா. உங்க வீட்டுக்காரர் சந்தையில பீர் குடிச்சிட்டிருந்தார். அவர் இப்ப என் மேஜைக்கு மேல ராஜா மாதிரி இறங்கி வரணும். நாங்க அண்ணாந்து கையேந்தி வாங்கிக்கணும். நல்லாருக்கு நியாயம்!"

"அவர் செஞ்சதை நான் சரின்னு சொல்லல."

"இத்தனை வருஷமா தப்புன்னும் சொல்லலையே?"

அந்த இடத்தில் குலாடிஸைக் குறை சொல்ல என் நாக்கு எழவில்லை.

"நீ சொல்லு, இத்தெல்" என்றேன். "உங்க அண்ணன்தானே?"

இத்தெல் காலுறையைத் திருப்பிப் போட்டான். "அண்ணனுக்கு வாய் இருக்கில்ல? அவன் கேக்கட்டும். பொண்டாட்டிய அனுப்பறான். நானே கேக்கறேன்டான்னு ஒரு வார்த்தை. கேட்டா யோசிக்கறேன்."

"உயிர் போயிட்டிருக்குப்பா அவருக்கு!" என்றாள் எலினெட்.

"திமிர் போகலையே, அண்ணி."

டீயைத் தொடாமல் எழுந்து வந்தோம். வெளியே வந்ததும் எலினெட் பனியில் காறித் துப்பினாள்.

மாடியில் மைரிக் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். பெரிய உடம்பு, கட்டிலை நிறைத்துக் கிடந்தது. எங்கே போய்வந்தோம் என்று எலினெட் மறைக்கவில்லை. இத்தெல் சொன்னதையும் சொன்னாள்.

"நானா? அவன்கிட்டயா?" குரல் கம்மியிருந்தது, கோபம் கம்மவில்லை. "என்னை ரெண்டு துண்டா வெட்டி வாளியில எடுத்துட்டுப் போங்க. அந்தக் குழாய்த் திருடன்கிட்ட கேக்கமாட்டேன்."

"உங்களுக்குச் சுலபம். செத்துட்டா உங்களுக்குத் தெரியாது. தலை இடிக்கறதை நான்தானே கேக்கணும்?" என்று கத்தினாள் எலினெட்.

அவன் முகத்தை மறுபடி சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு, "இன்னிக்கு என்ன கிழமை?" என்றான்.

"செவ்வாய்."

"ம்" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை நான் மறுபடி இத்தெல் வீட்டுக்குப் போனேன். எலினெட் அனுப்பவில்லை, எனக்குத்தான் மனசு ஆறவில்லை. இரண்டு பேரையும் நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனேன். போனால் இத்தெல் பத்திரிகையும் கையுமாக உட்கார்ந்துவிட்டான். முன்னைவிட உரக்கப் படித்தான், தொண்டை நரம்பு புடைக்க. குலாடிஸ் பின்னல் ஊசியோடு இருந்தாள்.

"எதுக்கு இப்படிக் கத்தறீங்க? எனக்குக் காது கேக்குது" என்றாள்.

"உனக்கா படிக்கறேன்?"

குலாடிஸ் ஊசியை நிறுத்தி அவனையே பார்த்தாள். அவன் பார்க்காமல் படித்தான். "இன்னும் ஒரு வாரத்துக்குப் பனி. கிடையில ஆடுள்ளவங்க ஜாக்கிரதை. ஆடு வளக்கத் தெரியாத பெரிய மனுஷங்களோட ஆட்டையும் தம்பிமார்தான் தோண்டி எடுக்கவேண்டியிருக்கு!"

சொல்லிவிட்டு நிறுத்தினான். வழக்கமாகத் தட்டு விழுகிற இடம் அது. ஒன்றும் விழவில்லை. பத்திரிகையைத் திருப்பப்போனான்.

அப்போது தட்டு கேட்டது. ஒன்று. பொய் என்கிறானே என்று நினைத்தேன். இரண்டு. படி என்கிறான். பிறகு மூன்றாவது விழுந்தது. அதற்கு அர்த்தமே கிடையாது. பிறகு அது நிற்கவே இல்லை. பலமில்லாத தட்டு, தடி நழுவி நழுவி, ஒன்றன்மேல் ஒன்றாக. கூரையிலிருந்து வெள்ளைப் பொடி கொஞ்சம் மேஜைமேல் விழுந்தது.

"ஐயோ, கூரை!" என்றாள் குலாடிஸ்.

இத்தெல் கண்ணாடியைக் கழற்றிப் பத்திரிகைமேல் வைத்தான். எழுந்து வெளியே போனான். கொட்டகையிலிருந்து கடப்பாரையோடு வந்தான். மேஜையை இழுத்துப் போட்டு, சேறு படிந்த பூட்ஸோடு அதன்மேல் ஏறினான்.

"இறங்குங்க! அவர் கேக்கட்டும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கேட்டுட்டான்."

"எங்க கேட்டார்? சும்மா இடிக்கறார்!"

"எனக்குத் தெரியும்டி அவன் பாஷை."

கடப்பாரையை ஓங்கிக் குத்தினான். அட்டைப்பலகை பிளந்து, பாளம் பாளமாக விழுந்தது. ஒரு பாளம் கோப்பை அலமாரியில் போய் மோதியது. குலாடிஸ் வாயில் ஏப்ரனை அடைத்துக்கொண்டு நின்றாள். நான் திட்டச் சேர்த்துவைத்த வார்த்தைகள் எல்லாம் எனக்கு மறந்துபோயின. பழைய உத்திரங்கள் வெளியே வந்தன, நடுவில் அந்தக் கதவு. மேலே எலினெட் கட்டிலைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. இத்தெல் முதுகைக் கொடுத்து முட்டினான். கதவு திறந்தது, அவன் தலை மட்டும் மாடிக்குள்ளே போனது. உடம்பு எங்களோடு மேஜைமேல் நின்றது.

"என்னடா, கிழடு தட்டிப்போச்சு உனக்கு!" இது மைரிக்கின் குரல்.

"உனக்கு மட்டும் இளமை திரும்புதாக்கும். நாறுதுடா உன் ரூம்."

"அந்தத் தோண்டி எடுத்த ஆடு. குறியைப் பாத்துட்டு அடிச்சியாமே. எலினெட் சொன்னா."

"தட்டினேன். அடிக்கல."

"பொய்" என்றான் மைரிக். மூச்சு வாங்கியது. பிறகு, "குலாடிஸ் இருக்காளா கீழ?"

அவள் அசையவில்லை. "இருக்கா" என்றேன் நான்.

"அந்த மண்கட்டியை வச்சது நான்தான்."

"ஊருக்கே தெரியும்" என்றாள் குலாடிஸ், கூரையைப் பார்த்து.

"உங்க அம்மா அங்க படுத்திருந்ததும் எனக்குத் தெரியும். இவன் ஓடிவந்து என்கிட்ட கெஞ்சுவான்னு நெனச்சேன். அவ்வளவு நேரம் ஆகும்னு நெனக்கல. தப்புதான்."

குலாடிஸின் முகம் சிவந்து, கண்ணிலிருந்து நீர் கொட்டியது. "மன்னிப்பேன்னு மட்டும் நெனக்காதீங்க" என்றாள். "மன்னிக்கமாட்டேன். செத்தாலும் மாட்டேன். இறங்கி வரணும்னா வாங்க, வழி கெடக்கு. இந்தக் குப்பையை உங்க பொண்டாட்டி வந்து கூட்டணும்."

எலினெட் துடைப்பத்தோடு பனியில் சுற்றிக்கொண்டு வந்தாள். இரண்டு பெண்களும் ஒரே அறையில், ஒருத்தி கூட்டினாள், ஒருத்தி அள்ளினாள். இத்தெல் மேஜைமேலேயே நின்றுகொண்டு அண்ணனுக்கு மீதிப் பத்திரிகையையும் படித்து முடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஆட்கள் கிளம்புகிற நேரத்தில் மைரிக் போனான். அடக்கத்தன்று வைக்கோல் வண்டிக் கயிறுகளைப் பெட்டியின் இரண்டு பக்கமும் கோத்து, அக்கம்பக்கத்து ஆண்கள் மாடியிலிருந்து விட்டார்கள். மெதுவாக, நேராக, எங்கும் இடிக்காமல் இறங்கியது. எலினெட் சுவரோரம் நின்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கயிறு உரசுகிற சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. கீழே இத்தெல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். கால்மாட்டை அவன்தான் வாங்கினான். "கனக்கறான் கடங்காரன்" என்றான், அழுதுகொண்டே. குலாடிஸ் முன்வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெட்டி அவளைத் தாண்டிப் போகும்வரை திருப்பியே வைத்திருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை எலினெட்டுக்குத் துணையாக மாடியில் கம்பளிகளை மடித்துக்கொண்டிருந்தேன். இறக்கு வாசல் மூடியிருந்தது. கீழே கூரையை இன்னும் அடைக்கவில்லை. பலகை இடுக்கில் முன்னறை வெளிச்சம் தெரிந்தது. கட்டில் பழைய இடத்தில் இல்லை. நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு இத்தெலின் குரல், ஒவ்வொரு சொல்லும் துல்லியமாக.

"மரணம். ப்ரின் ஐத்தின் மைரிக். எலினெட்டின் அருமைக் கணவர்." தொண்டையைச் செருமினான். "இத்தெலின் அன்புக்குரிய அண்ணன்."

அங்கே நிறுத்திவிட்டான். அறிவிப்பை எழுதிக் கொடுத்தது போதகர். எல்லாச் சாவுக்கும் அவர் அப்படித்தான் எழுதுவார். கீழே பத்திரிகை சலசலக்கக்கூட இல்லை. பழக்கதோஷத்தில் காத்திருக்கிறான் என்று எனக்குப் புரிந்தது.

எலினெட் மடித்த கம்பளியை என் கையில் கொடுத்தாள். கட்டில் தலைமாட்டில் சாத்தியிருந்த தடியை எடுத்தாள். பலகையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

ஒன்றே ஒன்று.

கீழேயிருந்து குலாடிஸின் குரல் வந்தது. "சரியாத்தான் தட்டறா."

இத்தெல் சிரித்தானா அழுதானா தெரியவில்லை. ஏதோ ஒரு சத்தம் வந்தது. அடுத்த வரியைத் தொடங்கினான், குரல் உடைந்து நின்றுபோனது. மறுபடி தொடங்கினான், மறுபடியும் நின்றது.

எலினெட் கட்டிலில் உட்கார்ந்து, தடியைத் தூக்கி, இரண்டு தட்டு தட்டினாள்.